பல்லைப் பிடித்துப் பார்த்தல்

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
என் பிழைப்பே அதுதான்.
பிலடெல்பியாவில், ஒரு சலவைக்கடையின் மாடியில்,
மெழுகில் ஈறு வார்த்து
அக்ரிலிக் பல் நடுகிறேன்
பதினோரு வருடமாய்.

நேற்று குடியுரிமை நேர்காணல்.
அதிகாரி என் பெயரை இரண்டு தரம் முயன்று
மூன்றாம் தரம் விட்டுவிட்டார்.
இந்த நாட்டின் தந்தை யார்?
ஒரு பெயர் போதும். சொன்னேன்.
டிக் அடித்தார்.
பேனா அடுத்த கேள்விக்குப் போய்விட்டது,
நான் போகவில்லை.

ஐயா, அவர் வாயை எனக்குத் தெரியும்.
மரப்பல் என்பது கட்டுக்கதை.
நீர்யானைத் தந்தம், ஈயம், பித்தளை,
இரண்டு தாடைக்கும் நடுவே சுருள்வில்.
கூடவே மனிதப் பல்.
பண்ணைக் கணக்கில் ஒரு வரி கிடக்கிறது:
கறுப்பர்களுக்கு, ஒன்பது பல்லுக்கு,
ஆறு பவுண்டு இரண்டு ஷில்லிங்.
எந்த வாய்க்குப் போயின என்று அந்த வரியில் இல்லை.
எந்த வாயிலிருந்து என்றும் இல்லை.
மரத்துப்போகும் ஊசி இல்லாத காலம்.
பிடுங்கியவன் முழங்காலை எங்கே ஊன்றியிருப்பான்
என்று தொழில் தெரிந்தவளுக்குத் தோன்றத்தான் செய்யும்.
காசு கொடுத்தாரே என்கிறார்கள்.
மாட்டேன் என்று சொல்ல முடியாதவரிடம் வாங்கியதற்கு
விலை என்றா பெயர்?

பல் போனால் சொல் போச்சு.
இதே ஊரில் இரண்டாம் தரம் பதவியேற்றபோது
அவர் பேசியது இரண்டே நிமிடம்.
ஈறு வலி என்பேன் நான்.
சரித்திரம் படித்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதே ஊரில்தான் அந்த ஆறு மாதக் கணக்கும்.
அடிமை ஆறு மாதம் இங்கே தங்கிவிட்டால்
விடுதலை கேட்கலாம் என்றது மாநிலச் சட்டம்.
நாள் நெருங்கும்போது எல்லை தாண்டி அனுப்பி
மறுபடி கூட்டிவந்தார்.
விசா முத்திரைக்காக
நயாகராப் பாலத்தைக் கடந்து திரும்பியவள் நான்,
காலண்டரை அப்படி எண்ணத் தெரியும்.
நான் எண்ணியது தங்குவதற்கு.
அவர் எண்ணியது?

ஒரு மே மாத மாலை
வீட்டார் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது
பணிப்பெண் ஒருத்தி கதவைத் திறந்து நடந்தாள்.
திரும்பவே இல்லை.
உள்ளே யாரோ எதையோ மென்றுகொண்டிருந்திருப்பார்கள்.

இருந்தும், அதிகாரி ஐயா,
படை முழுக்கத் தன் பின்னால் நிற்க
பதவிப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தவர் அவர்.
இரண்டு தவணை ஆண்டார், எழுந்தார், வீட்டுக்குப் போனார்.
நாற்காலியில் பசை தடவி உட்காருபவர்களின்
கட்அவுட் நிழலில் பஸ்ஸுக்கு நின்று வளர்ந்தவள்
அந்த எழுந்துபோதலை லேசாய் எடுக்க மாட்டாள்.
உயிலில் விடுதலையும் எழுதினார்:
தான் போன பிறகு,
மனைவியும் போன பிறகு.
சவப்பெட்டிக்கு அப்பால் தேதியிட்ட காசோலை.
அதையும் எழுதாமலே செத்தவர்கள் எத்தனை பேர் என்று
நீங்கள் கேட்கலாம்.
கேட்கவில்லை.
பத்துக் கேள்விகூட ஆகவில்லை,
ஆறு சரி, தேறிவிட்டீர்கள் என்றார்.

இன்று காலை எல்லிஸ் டாலிவர் வந்திருந்தார்,
முப்பது வருடம் டிராலி ஓட்டியவர்,
மேல்செட் உறுத்துகிறதாம்.
கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு
என்ன கேட்டார்கள் என்றார் பொக்கை வாயால்.
சொன்னேன்.
நீ என்ன சொன்னாய்?
சரியான பதிலைத்தான்.
கன்னம் குழியச் சிரித்தார்.
அந்த ஒன்பதில் ஒன்று எங்கள் வீட்டுப் பல்லாகவும் இருக்கலாம்,
ரசீதுதான் இல்லை என்றார்.
பிறகு,
எப்போ உறுதிமொழி? நான் வரேன், டை இருக்கு.

நீலத்தாளை நடுவில் வைத்துக்
கடியுங்கள் என்றேன்.
மை அழுத்தமாய் விழும் இடம்தான் மேடு.
அங்கே மட்டும் தேய்க்க வேண்டும்,
அதிகம் தேய்த்தால் செட்டே ஆடும்.
தேய்த்தேன். மாட்டினார். கடித்தார்.

இன்னும் உறுத்துது.

எங்கே?

விரலை உள்ளே விட்டுத்
தடவிக்கொண்டே இருந்தார்.